எலியின் பயமும் எங்கள் பயமும்



சென்ற பெரும்போக அறுவடைக்கு முந்திய கிழமை, தம்பலகாமத்தில் எங்கள் குழுவைச் சேர்ந்த ஓர் அக்காவின் வீட்டில் இரவு தங்கவேண்டி வந்தது. வயலோரத்து வீடு. சாப்பிட்டுவிட்டுக் கதைத்துக்கொண்டிருந்தோம். திடீரென்று வயற்பக்கம் யானைவெடி ஒன்று வெடித்தது. கதிர் முற்றுகிற காலத்தில் காட்டு யானை இறங்குவதும், காவலுக்கு நிற்கிற பெடியன்கள் வெடி கொளுத்திக் கலைப்பதும் அந்தப் பக்கத்தில் புதினமான விடயம் அல்ல. ஆனால் அக்கா கையிலிருந்த தேத்தண்ணீர்க் கோப்பையைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக் குந்திவிட்டார். வளர்ப்பு நாய் கட்டிலுக்குக் கீழே ஓடிவிட்டது. மகள் வந்து, "அம்மா, யானைவெடி அம்மா, யானைவெடி" என்று சொல்லிச் சொல்லித் தாயின் முதுகைத் தடவினாள். 1990, 1998, 2006 என்று வருடத்தைச் சொன்னாலே போதும், அந்த ஊரில் வேறு விளக்கம் தேவைப்படாது. அக்காவின் கணவரை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனதும் அப்படியான ஒரு வருடத்தில்தான்.

கொஞ்ச நேரத்தில் அக்கா எழும்பி, கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே வெட்கத்தோடு சிரித்தார். "பாத்தியா பிள்ளை, நாயும் நானும் ஒண்டுதான்."

விடிந்ததும் கிணற்றடியில் வைத்து இன்னொரு விடயம் சொன்னார். கிளினிக்கில் தந்த குளிசையை மூன்று கிழமையாகப் போடுவதில்லையாம். ஒரு செத்தவீட்டில் யாரோ, "உது எலிக்குக் குடுத்துப் பாத்த குளிசை" என்று சொல்லியிருக்கிறார்கள். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற மகளிடம் கேட்டால், அவளும் "ஓம் அம்மா, எல்லா மருந்தும் முதல்ல எலிக்குத்தான்" என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அக்கா கேட்ட கேள்வி என்னை அன்று முழுவதும் விடவில்லை.

"எலிக்கு என்ன பிள்ளை தெரியும்? எலியிட புருசனை ஆரும் பிடிச்சுக்கொண்டு போனவங்களா?"

அப்போது என்னிடம் பதில் இருக்கவில்லை. பிறகு தேடிப் படித்ததையும், உளவளத்துணை படிப்பித்தவர்களிடம் கேட்டதையும் சேர்த்து இந்த மாதம் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில், எலியின் பயத்தை எப்படி அளக்கிறார்கள்? எலி வாய் திறந்து சொல்லாது. ஆகவே அது செய்வதைப் பார்த்துத்தான் கணக்கெடுக்க வேண்டும். 1934இல் அமெரிக்காவில் கால்வின் ஹோல் என்ற உளவியலாளர், பிரகாசமான வெளிச்சம் போட்ட பெரிய வட்டமான வெளி ஒன்றில் எலியை விட்டுப் பார்த்தார். பயத்தின் அளவாக அவர் எண்ணியது எதைத் தெரியுமா? எலி போட்ட புழுக்கையை. பயத்தில் வயிறு கலங்கும் என்பதை எங்களிடம் கேட்டிருந்தால் நாங்களே சொல்லியிருப்போம். பின்னால் வந்தவர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். பயந்த எலி வெளியின் நடுவுக்குப் போகாது. சுவரோரமாகவே சுற்றிச் சுற்றி வரும்.

இப்போது ஆய்வுகூடங்களில் அதிகம் பயன்படுவது வேறொரு பரிசோதனை. நிலத்திலிருந்து அரை மீற்றர் உயரத்தில், கூட்டல் அடையாளம் போல நாலு கைகளுள்ள ஒரு மேடை. எதிரெதிரான இரண்டு கைகளுக்கு உயரமான சுவர் இருக்கும். மற்ற இரண்டும் திறந்தவெளி, விளிம்பு மட்டும்தான். எலியை நடுவில் விட்டு ஐந்து நிமிடம் பார்ப்பார்கள். சுவருள்ள கைக்குள்ளேயே அதிக நேரம் இருந்தால் பதகளிப்புக் கூட. திறந்த கைகளுக்கு அடிக்கடி போனால் பதகளிப்புக் குறைவு. (பதகளிப்பு என்பது எங்கள் மனநல வைத்தியர்கள் வழங்கும் சொல். நெஞ்சு படபடப்பு, நித்திரையின்மை, என்னவோ நடக்கப்போகிறது என்ற பதைப்பு, எல்லாம் சேர்ந்தது.) 1985இல் லண்டனில் சான்ட்ரா ஃபைல் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடன் வேலை செய்தவர்களும் இதை மருந்துகளோடு சரிபார்த்தார்கள். மனிதருக்குப் பதற்றம் குறைக்கிற டயஸிபாம் கொடுத்த எலிகள் திறந்த கைகளுக்குக் கூடுதலாகப் போயின. மனிதருக்குப் பதற்றம் கூட்டுகிற பொருட்கள் கொடுத்த எலிகள் சுவரைவிட்டு வெளிவரவில்லை. அந்தப் பொருட்களில் ஒன்று, கோப்பியிலும் தேயிலையிலும் உள்ள கபீன். நித்திரை வரவில்லை என்று இரவு பத்து மணிக்குக் கடும் சாயத்தில் தேத்தண்ணீர் ஊற்றிக் குடிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். டயஸிபாம் 1963இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. இந்த மேடைப் பரிசோதனையைச் சரிபார்த்தது அதற்கு 22 வருடம் கழித்து. அதாவது, மனிதருக்கு வேலை செய்கிறது என்று ஏற்கெனவே தெரிந்த குளிசையை வைத்துத்தான் எலியின் மேடை சரியா என்று பார்த்தார்கள். இன்று மனவடுவுக்கும் பதகளிப்புக்கும் வைத்தியர்கள் முதலில் எழுதிக்கொடுக்கிற மனச்சோர்வு மருந்துகள் பல, ஒரு முறை கொடுத்தால் அந்த மேடையில் ஒழுங்கான பலன் எதையும் காட்டுவதில்லை. எலியை மட்டும் நம்பியிருந்தால் அவற்றைக் கழித்து விட்டிருப்பார்கள். அவை நிலைத்தது, ஆயிரக்கணக்கான மனிதர்கள் கிழமைக்கணக்காகப் போட்டுப் பார்த்துச் சொன்னதால். ஆகவே "எலிக்குக் குடுத்துப் பாத்த குளிசை" என்பதில் பாதி உண்மைதான் இருக்கிறது. எலிக்குப் பிறகு மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்துத் தேறாத எந்தக் குளிசையும் கிளினிக் மேசைக்கு வந்திருக்க முடியாது.

அக்காவின் மற்றக் கேள்வி இன்னும் கடினமானது. எலியின் பயமும் எங்கள் பயமும் ஒன்றா?

இதைப் பார்ப்பதற்காக ஆய்வாளர்கள் எலியின் பரிசோதனைகளையே மனிதருக்குச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஜேர்மனியில் ஒரு குழு, வெளியிடங்களுக்குப் போகப் பயப்படுகிற நோயாளிகளையும் அந்தப் பயம் இல்லாதவர்களையும் ஒரு திறந்தவெளியில் நடக்கவிட்டு, போன இடமெல்லாம் ஜி.பி.எஸ். கருவியால் பதிந்தது. 2016இல் முடிவை வெளியிட்டார்கள். எலியைப் போலவே மனிதரும் சுவரோரமாக நடந்தார்கள். பயமுள்ளவர்கள் இன்னும் கூடுதலாக ஓரத்தில் நடந்தார்கள், நடுவுக்குப் போனது குறைவு. நகரத்தில் நடக்கவிட்டபோதும் சந்தைச் சதுக்கத்தின் நடுவால் போகாமல் விலகிப் போனார்கள். 2017இல் ஹம்பேர்க் நகரத்தில் இன்னொரு குழு, அந்தக் கூட்டல் அடையாள மேடையையே மரத்தால் பெரிதாகச் செய்தது. ஆட்களின் கண்ணில் ஒரு கருவியை மாட்டி, இரண்டு கைகள் பாறைக்குள் இருப்பது போலவும், இரண்டு கைகள் தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருப்பது போலவும் காட்டினார்கள். காற்றும் அடிக்கவிட்டார்கள். பதற்றமானவர்கள் பாறைப் பக்கத்தை விட்டு வரவில்லை. பதற்றம் குறைக்கும் மருந்து கொடுத்தால் வந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு அக்கா சுவரோடு ஒட்டிக் குந்தியிருந்ததுதான் கண்ணில் நின்றது. உடம்பு தன் கணக்கைத் தானே பார்க்கிறது. எலிக்கும் நாய்க்கும் எங்களுக்கும் மூளையின் உள்ளே வாதுமைக்கொட்டை வடிவில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. சத்தம் காதில் விழுந்து "இது யானைவெடி" என்று அறிவு சொல்லி முடிப்பதற்கு முன்னமே அது உடம்பை உசுப்பிவிடும். நாயும் நானும் ஒன்று என்று அக்கா சொன்னது அந்த அளவில் சரி. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் ஜேர்மனியில் செய்ததை அப்படியே தம்பலகாமத்தில் செய்தால் என்ன வரும்? எங்கள் பெண்கள் எத்தனையோ பேர் வெட்டவெளியைக் குறுக்கறுத்துப் போவதில்லை, வேலியோரமாகப் போவார்கள். ஒரு காலத்தில் நடுவால் போனவர்கள் சூடுபட்டார்கள். சந்தியில் சோதனைச்சாவடி இருந்தது. இன்றைக்கும் தனியே போகிற பெண்ணுக்கு ஓரம்தான் பாதுகாப்பு என்று நினைக்கக் காரணம் இருக்கிறது. ஜி.பி.எஸ். கருவிக்கு இவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி நோயாளிகளாகத்தான் தெரிவார்கள். அனுபவத்தில் வந்த புத்தி எது, அந்தக் காலம் போன பிறகும் உடம்பை விட்டுப் போகாத வருத்தம் எது என்று பிரிக்க வேண்டுமானால், நடந்தவளிடம்தான் கேட்க வேண்டும். ஏன் அந்த வழியால் போகவில்லை என்று ஓர் எலியிடம் கேட்க முடியாது. எங்களிடம் கேட்கலாம், கேட்பதற்குத்தான் ஆட்கள் குறைவு.

ரஷ்யாவில் நடந்த ஒரு சம்பவம் இதற்கு நல்ல உதாரணம். மணியடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும் என்று பள்ளியில் படித்திருப்பீர்களே, அந்தப் பாவ்லோவின் ஆய்வுகூடத்தில் 1924 செப்டெம்பரில் வெள்ளம் புகுந்தது. லெனின்கிராட் நகரமே மூழ்கிய வெள்ளம். கூடுகளில் அடைபட்ட நாய்களை ஏறக்குறையத் தாண்டுபோகும் நேரத்தில்தான் நீந்தவைத்து வெளியே எடுத்தார்கள். அதற்குப் பிறகு சில நாய்கள் பழக்கியிருந்ததையெல்லாம் மறந்துவிட்டன. மாதக்கணக்கில் பாடுபட்டு ஒரு நாயைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு சோதித்துப் பார்க்கக் கதவுக்குக் கீழால் கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டார்கள். அவ்வளவுதான், நாய் திரும்பவும் குழம்பிவிட்டது. 2004 மார்கழி 26க்குப் பிறகு கடற்கரைப் பெண்கள் பலர் மழைத்தண்ணீர் வாசலுக்கு வந்தாலே பதறியதை நாங்கள் கண்டிருக்கிறோம். அந்த நாயின் உடம்பு அவர்களுக்குப் புரியும். ஆனால் அந்த நாய்க்கு, கையிலிருந்து நழுவிய பிள்ளையைப் பற்றிய நினைப்பு இருந்திருக்காது.

பயத்தின் மூளைப் பாதைகளை எலிகளில் பல வருடம் ஆராய்ந்த ஜோசப் லெடூ என்ற அமெரிக்க விஞ்ஞானியே இதை ஒத்துக்கொள்கிறார். எலியில் நாங்கள் பார்ப்பது ஆபத்தைக் கண்டு உடம்பு காட்டும் எதிர்ச்செயலைத்தான். அதைப் "பயம்" என்று பெயர் வைத்து, மனிதன் உணரும் பயமும் அதுதான் என்று நினைத்தது குழப்பத்துக்குக் காரணம் என்கிறார். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் வேலை செய்த மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம், வட இலங்கையில் போர் செய்த சேதத்தைத் தனி ஆளின் வருத்தமாக மட்டும் பார்க்க முடியாது, குடும்பமும் ஊரும் உறவும் சேர்ந்து உடைந்தது என்று 2007இல் எழுதினார். அந்த உடைவைக் காட்ட எலிக்கு ஒரு மேடையும் இல்லை.

இனிச் சொல்லப்போவது என்னைக் கோபப்படுத்திய விடயம். இந்தப் பரிசோதனைகளில் எல்லாம் ஓடிய எலிகளில் பெரும்பாலானவை ஆண் எலிகள். 2009இல் வெளியான ஆய்வுகளைக் கணக்கெடுத்தவர்கள், மூளை ஆராய்ச்சியில் ஆண் விலங்குகளை மட்டும் வைத்துச் செய்தவை, பெண் விலங்குகளை மட்டும் வைத்துச் செய்தவற்றைப்போல ஐந்தரை மடங்கு என்று கண்டார்கள். பெண் எலிக்கு உடம்பு நாளுக்கு நாள் மாறும், கணக்குக் குழம்பும் என்று ஒரு சாட்டு. 2014இல் அதையும் சரிபார்த்தார்கள். பெண் சுண்டெலிகளின் அளவீடுகள் ஆண் சுண்டெலிகளுடையதைவிடக் கூடுதலாக ஏறி இறங்கவில்லை. மனவடு நோய் பெண்களுக்கு ஆண்களைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வருகிறது என்று தெரிந்துகொண்டே ஆண் எலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் இரண்டு பாலையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று விதித்தது 2016இல்தான்.

பொஸ்டனில் ரெபெக்கா ஷான்ஸ்கி என்ற பெண் விஞ்ஞானியின் குழு 2015இல் ஒன்றைக் கண்டுபிடித்தது. எலிக்கு ஒரு சத்தத்தைக் கேட்கச் செய்து, உடனே மெல்லிய மின்னதிர்ச்சி கொடுத்துப் பழக்குவார்கள். பிறகு சத்தம் கேட்டதும் எலி அசையாமல் உறைந்து நின்றால் அதற்குப் பயம் என்று குறிப்பார்கள். பல காலமாக அப்படித்தான். ஆனால் பெண் எலிகளில் ஏறத்தாழப் பத்தில் நாலு உறைந்து நிற்காமல் விசுக்கென்று ஓடின. ஓடியதால், அவற்றுக்குப் பயமில்லை என்றோ பாடத்தைப் படிக்கவில்லை என்றோ அதுவரை கணக்கில் விழுந்திருக்கும். உண்மையில் அவையும் பயந்துதான் இருந்தன, பயத்தை வேறு விதமாகக் காட்டின.

இதை எங்கள் குழுவில் வாசித்துக் காட்டியபோது யாரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. பிறகு ஒருத்தி சொன்னாள்: "நான் ஒரு நாளும் அழயில்ல எண்டு எல்லாரும் சொல்லுவினம். விடிய நாலு மணிக்கு எழும்பினா இரவு பத்து மணி மட்டும் ஓடுறன். நிண்டா நினைச்சுப்போடுவன் எண்டு பயம்." அவளை இதுவரை எந்தப் படிவமும் பிடிக்கவில்லை. "உசாரான பிள்ளை" என்றுதான் எல்லோரும் எழுதியிருப்பார்கள்.

எலியில் வென்றது பெண்களில் தோற்றதும் உண்டு. நெருக்கீடு வரும்போது மூளையில் சுரக்கும் ஒரு பொருளைத் தடுத்தால் விலங்குகளின் பதற்றம் குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டின. அதை நம்பி ஒரு மருந்து செய்து, அமெரிக்காவில் மனவடு நோயுள்ள 128 பெண்களில், பாதிப்பேருக்கு அதையும் மற்றவர்களுக்கு வெறும் குளிசையையும் ஆறு கிழமை கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது. வெறும் குளிசையைவிட அது கூடுதலாக ஒன்றும் செய்யவில்லை. இப்படித் தோற்றதையும் மறைக்காமல் வெளியிட்டது நல்லது. அந்த 128 பெண்களும் செய்தது சின்ன உதவி அல்ல.

எலியிலிருந்து மனிதருக்கு ஒழுங்காகக் கடந்து வந்த ஒன்றும் இருக்கிறது, அது திடுக்கிடுதல். திடீர்ச் சத்தத்துக்கு எலி துள்ளும். மனிதரில் கண் இமைக்கும். கண்ணுக்குக் கீழே சின்னத் தகடு ஒட்டி, எவ்வளவு பலமாக இமைக்கிறது என்று அளப்பார்கள். பொய் சொல்ல முடியாத அளவு. அமெரிக்காவில் கிறிஸ்டியன் கிறிலன் என்பவரின் குழு, வெறுப்பூட்டும் தூண்டல் ஒன்று வரப்போகிறது என்று முன்கூட்டி அடையாளம் காட்டியும் பார்த்தது, எப்போது வரும் என்று காட்டாமலும் பார்த்தது. 2009இல் வெளியான முடிவின்படி, மனவடு நோயுள்ளவர்களை மற்றவர்களைவிட அதிகம் ஆட்டியது, எப்போது வரும் என்று தெரியாமல் அதை எதிர்பார்த்திருந்த நேரம்தான்.

இதை அக்காவிடம் சொன்னேன். "அது சரி. கோயில் திருவிழா வெடிக்கு நான் இவ்வளவு பயப்பிடுறேல்ல. எப்ப எண்டு தெரியும்தானே" என்றார். பிறகு அவரே யோசித்து, வயற்காவலுக்குப் போகிற பெடியன்களிடம் போய்க் கேட்டார். வெடி கொளுத்த முதல் போனில் ஒரு அழைப்பு, எடுக்கக்கூடத் தேவையில்லை, ஒரு தரம் அடித்தால் போதும். அவர்களும் சம்மதித்தார்கள். யானை வீட்டு வாசலுக்கே வந்துவிட்டால் போன் எடுக்க நேரம் இருக்காது என்று சிரித்தார்களாம், ஆனால் முடிந்த அன்றெல்லாம் செய்தார்கள். அந்தப் பக்கத்தில் இன்னும் மூன்று வீடுகள் தங்கள் இலக்கத்தையும் கொடுத்தன. கேட்கும்வரை அந்த வீடுகளிலும் இப்படி இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியாது.

குளிசை விடயம். மூன்று கிழமை விட்டதை மறைக்காமல் கிளினிக்கில் சொல்லச் சொன்னேன், கூடவும் போனேன். மனநல மருந்துகளை நினைத்தபாட்டில் நிறுத்தினால் சிலருக்குத் தலைச்சுற்று, நித்திரைக் குழப்பம், பதற்றம் திரும்பக் கூடுதல் எல்லாம் வரும். நிறுத்துவதென்றாலும் வைத்தியரோடு கதைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிறுத்த வேண்டும். வரிசை நீளம், கேள்வி கேட்க வெட்கம் என்று அக்கா இவ்வளவு நாளும் ஒன்றும் கேட்காமல் வந்திருக்கிறார். அன்று ஒரு துண்டில் மூன்று கேள்வி எழுதிக்கொண்டு போனோம்: இது எதற்கு, எத்தனை நாளில் தெரியும், எப்போது குறைக்கலாம். வைத்தியர் மூன்றுக்கும் பதில் சொன்னார். நாலாவதாக அக்கா தானாகவே, கணவரைத் தேடித் திரிகிற பதைப்புக்கு இதில் மருந்து இருக்கிறதா என்று கேட்டார். வைத்தியர் இல்லை என்றார். அதற்குக் கதைக்க ஆள் வேண்டும், மாதம் ஒருமுறை உளவளத்துணையாளரிடம் வாருங்கள் என்று திகதி போட்டுக் கொடுத்தார். அக்கா இப்போது இரண்டுக்கும் போகிறார். கிளினிக் தூரமான இடங்களில் உள்ளவர்கள், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கதைக்கலாம்.

போன கிழமையும் போயிருந்தேன். இருட்டினாப் பிறகு போன் ஒரு தரம் அடித்து நின்றது. அக்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நாயை உள்ளே கூப்பிட்டார். வெடிச் சத்தம் கேட்டது. அக்கா திடுக்கிட்டார், ஆனால் இருந்த இடத்திலேயே இருந்தார். நாய்க்குத்தான் போன் விளங்கவில்லை, அது வழக்கம்போலக் கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. இந்தப் பக்கத்தில் எழுதப்போகிறேன் என்று சொன்னதும் அக்கா ஒன்று சொல்லிவிட்டார்: மற்ற ஊர்களிலும் யானைவெடி கொளுத்துகிற பெடியன்களிடம் பெண்கள் இப்படிக் கேட்டுப் பார்க்கட்டாம்.